ஒரு புள்ளிகூட மாத்தாம

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கவுத்து வைங்க சார். ஆமா, அட்டை கீழ போற மாதிரி. அப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அத்தான் மூஞ்சியப் பார்க்க எனக்கு என்ன வெறுப்பா? அக்கா வீட்டுக்காரர், இந்த டைப்பிங், ஜெராக்ஸ் கடையே அவர் கூட நின்னு வச்சுக் கொடுத்ததுதான். அந்தப் படத்தைத்தான் என்னால பார்க்க முடியல. பதினோரு நாள் குளிக்காத மனுஷன். தாடியில கஞ்சி காஞ்சு ஒட்டியிருக்கு. ஆஸ்பத்திரி வார்டுல கொடுத்த சட்டைக்கு மேல் பித்தான் கிடையாது. அந்தக் கோலத்துல ஒருத்தரைப் படம் எடுத்து, அதையே அட்டையிலயும் போட்டா, பார்க்கறவங்க ஆகா என்ன கண்ணு, என்ன ஒளிங்கறாங்க. கருப்பு வெள்ளையில நாத்தம் தெரியாது பாருங்க. அதனால எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு.

உட்காருங்க. அந்தக் கை வச்ச நாற்காலியிலயே உட்காருங்க, பரவாயில்ல. அது எங்க அக்காவுக்காகப் போட்டது, முட்டி வலிக்காரி. அவ அஞ்சு மணிக்குத்தான் வருவா. இன்னிக்கு வியாழக்கிழமை, அத்தானைப் பார்க்க ஹோமுக்குப் போற நாள். அவ இங்க வருவா, நான் கடையச் சாத்துவேன், ரெண்டு பேரும் பஸ் ஏறுவோம். ஆறு வருஷமா இதான் நடக்குது. அதுவரைக்கும் நேரமிருக்கு, பேசலாம்.

உங்க லெட்டரை நேத்தே படிச்சேன். கலையும் மனநோயும்னு நீங்க எழுதற புத்தகம், நானூறு பக்கம், அதுல ஒரு அத்தியாயம் பூரா எங்க அத்தான். பிளவுபட்ட மனமே படைப்பின் ஊற்றுன்னு ஒரு வரி வருதே, அதை ரெண்டு தடவை படிச்சேன். படிச்சு முடிச்சுட்டுப் போய் வாய் கொப்பளிச்சேன். நிஜமாத்தான் சார். கெட்டுப்போன பாலைத் தெரியாம ஒரு வாய் குடிச்சுட்ட மாதிரி இருந்துச்சு.

கோச்சுக்கிட்டீங்களா? கோச்சுக்காதீங்க. மத்தவங்களுக்கு நீங்க எவ்வளவோ தேவலாம். லெட்டர் போட்டு, நேரம் கேட்டு வந்திருக்கீங்க. போன வருஷம் ஒரு நடிகர் வந்தாரு. ஏதோ நாடகத்துல பைத்தியக்காரன் வேஷமாம். அத்தான் எப்படி நடப்பாரு, கை எப்படி நடுங்கும்னு பார்த்துக் கத்துக்கணுமாம். ஹோம்ல உள்ள விடலைன்னதும் இங்க வந்து, நீங்களாவது நடந்து காட்டுங்களேங்கறாரு என்கிட்ட. அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு. கவிதை எழுதுமாம், நல்லாப் படிச்ச பொண்ணு. எனக்கும் இப்படி ஒன்னு வந்தா என் எழுத்து எங்கயோ போயிடும் ஆன்ட்டிங்குது. வந்தாத் தெரியும் கண்ணு, முதல்ல எந்திரிச்சுப் போன்னு அனுப்பிட்டேன். இன்னொருத்தர் பத்திரிகைக்காரர். அவரு சொந்தக்காரர்னு பொய் சொல்லி ஹோமுக்குள்ளயே போயிட்டாரு. தூங்கிட்டிருந்தவர் விரலைப் பிரிச்சு ஒரு பேனாவை வச்சுப் படம் எடுத்துட்டுப் போயிட்டாரு. முழுப் பக்கத்துக்கு வந்துச்சு. மீண்டும் எழுதுகிறார்னு தலைப்பு. அக்கா அதை நிஜம்னு நம்பிட்டா சார். அடுத்த வியாழக்கிழமை ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கிட்டு வந்தா. அந்தக் கட்டு அவர் கட்டில் பக்கத்து அலமாரியில இன்னும் பிரிக்காமத்தான் இருக்கு.

ஒரு நிமிஷம் இருங்க. வாங்கம்மா. ரெண்டு பக்கமும் எடுக்கணுமா, ஒரு பக்கம் போதுமா? சரி, இந்தாங்க. இன்னும் சூடா இருக்கும், மடிக்காதீங்க, மை ஒட்டிக்கும்.

ம், என்ன சொன்னீங்க? புள்ளிவிவரமா? எத்தனை கவிஞர்ல எத்தனை பேருக்கு, எத்தனை ஓவியர்ல எத்தனை பேருக்குன்னு. இருக்கும் சார், நான் இல்லைங்கல. படிச்சவங்க எண்ணிப் பார்த்துத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா அந்த ஹோம்ல நாப்பத்திமூணு பேர் இருக்காங்க. ஒருத்தர் லாரி ஓட்டினவர். ஒரு அம்மா பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்தாங்க. பல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு, போறவங்க வர்றவங்க வாயைத் திறக்கச் சொல்லுவாரு. லாரி ஓட்டறதுக்கும் மனநோய்க்கும் என்ன சம்பந்தம்னு இதுவரைக்கும் யாரும் நானூறு பக்கம் எழுத வரல. அந்த லாரிக்காரரைப் பார்க்க அவர் பையன்கூட வர்றதில்ல. அவருக்கும் நாங்கதான் பிஸ்கட் வாங்கிட்டுப் போறோம்.

எப்படி ஆரம்பிச்சதுன்னு கேக்கறீங்க. சொல்றேன், எழுதிக்கோங்க. ஆனா பாதிய எழுதிட்டுப் பாதிய விடக்கூடாது. அத்தான் சர்வேயர், நிலம் அளக்கறவரு. சங்கிலி, கம்பு, நிலப்படம், அதான் அவர் உலகம். எதையும் எட்டு வச்சு அளந்து பார்த்துடுவாரு. எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே வாசல்லேர்ந்து கிணத்துக்கு எத்தனை எட்டுன்னு எண்ணினவரு, நாங்கல்லாம் ஒளிஞ்சிருந்து சிரிச்சோம். சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து, கைகால் கழுவிட்டு, ஒரு மணி நேரம் எழுதுவாரு. பிடிச்சு வச்ச மாதிரி ஒரு மணி நேரம். அப்படி எழுதி ரெண்டு கதைப் புத்தகம் வந்துச்சு. ரெண்டும் நான் அடிச்சதுதான். நோய் நொடி எதுவும் இல்லாத காலம். அதுல ஒரு கதையில, வேலிய ஒரு அடி தள்ளிப் போட்டதுக்காக அண்ணனும் தம்பியும் முப்பது வருஷம் பேசாம இருந்து, கடைசியில ஒருத்தன் வீட்டுக் கதவு இன்னொருத்தன் வீட்டுக்குக் கட்டில் செய்யப் போகும். அந்தக் கதைய அடிச்சு முடிச்சுட்டு, மறுபடி முதல்லேர்ந்து படிச்சேன். படிச்சிருக்கீங்களா? பார்த்தீங்களா, நீங்களே படிக்கல. அந்த ரெண்டு புத்தகமும் பதிப்பாளர் வீட்டு மாடிப்படிக்கு அடியில பூச்சி அரிச்சுக் கிடந்துச்சு. நல்லா இருக்கற மனுஷன் எழுதினா யாருக்கும் வேண்டியதில்ல போல.

நாப்பத்தாறு வயசுல வந்துச்சு. முதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து தன்னோட நிலப்படத்தைத் திருத்தறாங்கன்னாரு. அப்புறம் அக்கா டீயில எதையோ கலக்கறாங்கற பேச்சு. ஏழு மாசம் சார். ஒவ்வொரு டம்ளரையும் அக்கா அவர் கண்ணு முன்னாடி ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டுத்தான் கொடுப்பா. அவ சர்க்கரை நோய்க்காரி, அது சர்க்கரை போட்ட டீ. அவரு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாரு, நாள் பூரா வரமாட்டாரு, அங்கயே ஒன்னுக்கும் போயிடுவாரு. அக்கா முட்டி போட்டு உள்ள நுழைஞ்சு துடைப்பா. அவ முட்டி போனது அப்படித்தான். இதுல ஊற்று எது, ஒளி எதுன்னு நீங்கதான் எனக்குக் காட்டணும்.

அப்ப ஏதாவது எழுதினாரா? ஒரு வரி கிடையாது. சுவத்துல நம்பர் எழுதினாரு. நாலு ஒம்பது, நாலு ஒம்பதுன்னு கூரை வரைக்கும். பதிப்பாளர் வந்து பார்த்துட்டு, இது பெரிய ஓவியம், யாரும் தொடாதீங்கன்னாரு. அக்கா மூணு நாள் சுரண்டி வெள்ளையடிச்சா. ஐயோ அழிச்சிட்டீங்களேம்மான்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சுண்ணாம்பு வாளிய அவர் தலையில கவுத்திருப்பேன், அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டா.

வார்டுல சேர்த்து முதல் ஒன்றரை மாசமும் இதே கதைதான். அந்த அட்டைப்படம் அப்ப எடுத்தது. ஒரு பை ஆரஞ்சும் ஒரு கேமராவுமா வந்தாரு அந்தப் பதிப்பாளர் புண்ணியவான். அப்புறம் டாக்டர் மாத்திரைய மாத்தினாரு. அது பிடிச்சுக்கிச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. டீய வாங்கிக் குடிச்சாரு, அவ குடிச்சுக் காட்டாமலே. அன்னிக்கு அக்கா வராண்டாவுல உட்கார்ந்து அழுதா பாருங்க, நர்ஸ் பயந்துபோய்த் தண்ணி கொண்டு வந்துச்சு. மறுநாள் அத்தான் எழுதத் தாள் கேட்டாரு. கடைசி இருபத்திரண்டு நாள்ல எழுதினதுதான் சார் இந்தப் புத்தகம். மாத்திரை போட்டுக்கிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தேறி வந்துக்கிட்டிருந்தப்ப எழுதினது. நோய் எழுதல. நோய் ஏழு மாசம் கட்டிலுக்கு அடியிலதான் கிடந்துச்சு.

சரி, அப்ப இந்தப் புத்தகம் ஏன் இப்படி இருக்குங்கறீங்க. நியாயமான கேள்வி. எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அஞ்சு பாகம். முதல் பாகத்துல விடிஞ்சுக்கிட்டே இருக்கு, இருபத்திரண்டு தடவை விடியுது, பொழுது நகரவே மாட்டேங்குது. ரெண்டாம் பாகம் பூரா மாத்திரையும் கஞ்சியும். அஞ்சாம் பாகத்துல விளக்கை அணைச்சுக்கிட்டே இருக்காங்க. எந்த வாக்கியமும் முடியறதில்ல, பாதியில அந்தரத்துல நிக்குது, அடுத்தது எங்கயோ ஆரம்பிக்குது. நாளைக்கு வீட்டுக்குப் போறேன்னு ஒரு இடத்துல வருது, அடுத்த பக்கமே கட்டிலை விட்டுக் காலைக் கீழ வைக்க முடியலங்கறாரு. மீட்சிங்கறதே மாயைன்னு சொல்ற புத்தகம்னு ஒரு பெரியவர் எழுதினாரு. நோயாளி மனசுல காலம் எப்படி உடையுதுன்னு இதைவிட யாரும் காட்டினதில்லையாம். உங்க லெட்டர்லயும் அதேதான் இருக்கு, வார்த்தைதான் வேற.

வார்டுல நோட்டு கொடுக்க மாட்டாங்க சார், தெரியுமா உங்களுக்கு? நோட்டுல கம்பி இருக்கும், பின் இருக்கும், நூல் இருக்கும். எதையும் உள்ள விடறதில்ல. உதிரித் தாள்தான், ஒரு நாளைக்கு அஞ்சு. காலையில நர்ஸ் அந்த அஞ்சுக்கும் மேல ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு நம்பர் போட்டு, முத்திரை குத்திக் கொடுக்கும். சாயங்காலம் அஞ்சும் இருக்கான்னு எண்ணி வாங்கி ஒரு பையில போட்டு வைக்கும். மறுநாள் மறுபடி ஒன்னுலேர்ந்து அஞ்சு. இருபத்திரண்டு நாள், நூத்திப்பத்து தாள். தேதி கீதி எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்த வாரம் அக்கா அந்தப் பையைக் கொண்டு வந்து இதே மேசையில வச்சா. அடிச்சுக் கொடுடி, அவருக்கு ஒரு தெம்பா இருக்கும்னா. நான் கட்டைப் பிரிச்சு இங்க வச்சுட்டு, ஒருத்தருக்கு அவசர மனு அடிச்சிட்டிருந்தேன். மின்சாரம் போய் வந்துச்சு. அதோ தலைக்கு மேல ஓடுதே, அந்த ஃபேன்தான், ஒரே சுத்துல அள்ளி வீசிருச்சு. பாதி மெஷினுக்கு அடியில, பாதி வாசல்ல. பொறுக்கினேன். எது முன்ன எது பின்னன்னு தெரியல. மேல நம்பர் இருக்கேன்னு பார்த்தேன். ஒன்னு நம்பரா இருபத்திரண்டு இருந்துச்சு.

சிரிங்க, சிரிங்க. சிரிக்க வேண்டியதுதானே. ஒன்னெல்லாம் ஒரு கட்டு, ரெண்டெல்லாம் ஒரு கட்டுன்னு அடுக்கிட்டேன். அஞ்சு கட்டு. அதுதான் உங்க அஞ்சு பாகம். ஒவ்வொரு நாளும் முதல் தாள்ல விடியுது, கடைசித் தாள்ல விளக்கணைக்கறாங்க. வேற எப்படி இருக்கும்?

அடிக்கும்போது தெரியலையான்னா, தெரிஞ்சுது சார். ஒரு தாள்ல பாதியில நிக்கற வாக்கியம் அடுத்த தாள்ல சேரல. நிறுத்திட்டுப் போய்க் கேட்டிருக்கணும். நான் என்ன நினைச்சேன்னு சொல்லட்டுமா? புத்தி கலங்கிக் கிடந்த மனுஷன் எழுதினது, இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். எப்படி அடுக்கினா என்னன்னு நினைச்சேன். அவர் கையாலயே ரெண்டு புத்தகம் எனக்கு வந்திருக்கு, ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது, அதை அடிச்சவ நானு. அந்த நானே அப்படி நினைச்சேன். நீங்க நானூறு பக்கத்துல நினைக்கறதை நான் ஒரு நொடியில நினைச்சுட்டேன். உங்க மேல எனக்கு வர்ற அருவருப்புல பாதி அதுக்குத்தான், தப்பா எடுத்துக்காதீங்க.

அத்தான் படிச்சுப் பார்க்கலையான்னா, மாத்திரைக்குக் கண்ணு மங்கியிருந்த நேரம். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு கீழ வச்சுடுவாரு. நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு. பதிப்பாளர் முதல் பாகத்தைப் படிச்சுட்டு இந்த வாசப்படியிலயே உட்கார்ந்துட்டாரு. இதுல யாரும் கை வைக்காதீங்கன்னாரு. முன்னுரையும் அவரே எழுதினாரு. பாருங்க, உங்க தலைக்குப் பின்னாடி சுவத்துல ஒட்டியிருக்கே, அதான். சிவப்பு மையில கோடு போட்டிருக்கும். தட்டச்சு செய்த பெண்மணி இப்பிரதியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. கோடு நான்தான் போட்டேன். வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவேன் அப்ப. இருபது வருஷமா அடுத்தவங்க எழுதினதை அடிச்சுத் தேஞ்ச விரலு, முதல் தடவையா ஒருத்தர் அதைப் பத்தி அச்சுல எழுதியிருக்காரு.

அப்புறம் சரியான வரிசை எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. அத்தான் நல்லாத் தேறிட்டாரு. ஆபீஸ்ல உட்கார்ந்து செய்யற வேலை கொடுத்தாங்க. பழையபடி சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு புதுக்கதை எழுதி, பழக்க தோஷம், உதிரித் தாள்லயே கொண்டு வந்தாரு. ஒவ்வொரு தாள்லயும் அடியில, வலது மூலையில, சின்னதா ஒரு சொல் தனியா இருந்துச்சு. வார்டுத் தாள்லயும் அப்படி இருந்தது எனக்கு ஞாபகம். நான் அதைக் கிறுக்கல்னு விட்டுட்டேன், அடிக்கல. இது என்ன அத்தான்னு கேட்டேன். நிலப்படம் பெருசா இருந்தா நாலஞ்சு தாள்ல வரும்மா, எந்த ஓரம் எதோட சேரணும்னு ஓரத்துலயே குறிச்சிருப்போம், அதே பழக்கம்தான், அடுத்த தாளோட முதல் சொல்லை இங்க எழுதிடுவேன், வார்டுல நம்பர் ஒரே குழப்பமா இருந்துச்சா, அப்ப ஆரம்பிச்சதுன்னாரு. சாதாரணமாச் சொல்லிட்டு டீயக் குடிச்சாரு. வார்டுத் தாளெல்லாம் அப்ப என்கிட்டதான் இருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை கடை லீவு. வந்து உட்கார்ந்து, மூலைச் சொல்லைப் பிடிச்சுப் பிடிச்சு அடுக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகல. நூத்திப்பத்து தாளும் ஒரு நூல் பிசகாம உட்கார்ந்துச்சு.

இல்ல சார், தொலையல. தொலைஞ்சுபோச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இந்த மேசை டிராயர்லதான் இருக்கு, என் முட்டிக்கு மேல. இந்தாங்க. கையில ஈரம் இல்லையே? முதல் தாள்லேர்ந்து படிங்க, மூலைய விட்டுடாதீங்க.

பார்த்தீங்களா. முதல் நாள் கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கு நாலு எட்டு. அதுக்கே மூச்சு வாங்குது. மூணாம் நாள் கதவு, ஒம்பது எட்டு. அந்தச் சுவத்துல எழுதின நாலும் ஒம்பதும் என்னன்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு, அக்கா வீட்டுலயும் கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் அதே கணக்குதான். அப்புறம் குளிக்கற அறை. அப்புறம் வராண்டா. ஒவ்வொரு நாளும் பத்து எட்டு, இருபது எட்டுன்னு கூடிக்கிட்டே போகுது. பக்கத்துக் கட்டில்காரர் போர்வைய இழுத்துக்கறதுக்குக் கோபம் வருது, கோபம் வந்ததுக்குச் சந்தோஷப்படறாரு. இருபத்திரண்டாம் நாள் வாசல் கேட்டு. இருநூத்திப்பதினாலு எட்டு. கேட்டுக்கு வெளிய அக்கா பையை வச்சுக்கிட்டு நிக்கறா. நாளைக்கு வீடுன்னு முடியுது. பைத்தியத்தைப் பத்தின புத்தகமே இல்ல சார் இது. ஒரு மனுஷன் தேறி எழுந்து வீட்டுக்கு வர்றதை அளந்து அளந்து எழுதியிருக்காரு. இவ்வளவு தெளிவா, இவ்வளவு சிரிப்பா. உலகத்துல ஒருத்தர்கூட இதைப் படிக்கல, நானும் இப்ப நீங்களும் தவிர.

பதிப்பாளர்கிட்ட சொல்லியிருக்கலாம், ஆமா. திங்கக்கிழமை சொல்றதாத்தான் இருந்தேன். திங்கக்கிழமை இந்தப் புத்தகத்துக்கு விருது அறிவிச்சாங்க. அக்கா தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றா. ஒரு வாரம் போகட்டும்னு விட்டேன். ஒரு வாரம் போயிட்டா அப்புறம் வாய் வராது சார், அது அப்படித்தான். நடுவுல அத்தான் அந்தப் புதுக்கதைய அனுப்பினாரு. பதிப்பாளர் திருப்பி அனுப்பிட்டாரு. ரொம்பத் தெளிவா இருக்கு, அந்தப் பழைய தகிப்பு இல்லைன்னு ஒரு சீட்டு. தகிப்பாம். 

அத்தான் மாத்திரைய ஏன் நிறுத்தினாரு, ஏன் ஹோமுக்குப் போற அளவுக்கு ஆச்சுன்னு யாருக்கும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க லெட்டர்ல. அக்காவைப் பொறுத்தவரைக்கும் அந்தச் சீட்டுதான் காரணம். இன்னிக்கும் பஸ்ல போகும்போது அந்தப் பதிப்பாளரைத் திட்டிக்கிட்டே வருவா. நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

சீட்டு வந்த மறுநாள் அத்தான் இங்க வந்தாரு. அந்த ஸ்டூல்ல உட்கார்ந்தாரு. புத்தகம் மடியில. கண்ணு அப்பத்தான் தெளிஞ்சிருந்துச்சு, முதல் தடவையா முழுசாப் படிச்சிருக்காரு. எனக்கு அந்த நாளெல்லாம் சரியா ஞாபகம் இல்லம்மா, வரிசையா எழுதினதா ஒரு நினைப்பு, நீதானே அடிச்ச, நான் நிஜமாவே இப்படித்தான் எழுதியிருந்தேனான்னு கேட்டாரு. தாள் இருக்கா, ஒரு தடவை பார்க்கலாமான்னாரு. தாள் வச்ச இந்த டிராயர்ல என் முட்டி இடிச்சுக்கிட்டிருக்கு. நான் கீபோர்டுலேர்ந்து கண்ணை எடுக்கல. ஆமா அத்தான், நீங்க எழுதின மாதிரியேதான், ஒரு புள்ளிகூட மாத்தலன்னேன். தாளெல்லாம் அச்சாபீஸ்ல தூக்கிப் போட்டுட்டாங்கன்னேன். அப்படியான்னாரு. புத்தகத்தை மூடினாரு. அப்போ மாத்திரைதாம்மா என் எழுத்தைக் கெடுக்குதுன்னாரு. நான் ம்னேன் சார். ஒரு வாடகை ஒப்பந்தம் அடிச்சிட்டிருந்தேன், அதை முடிச்சேன்.

மணி அஞ்சாயிடுச்சா? அதோ, ரோட்டைத் தாண்டி வர்றா பாருங்க, குடையை ஊனிக்கிட்டு. தாளை அப்படியே மேசை மேல வைங்க, மறைக்க வேணாம். நீங்க போக வேணாம், இருங்க. ஆனா அந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சுக்கோங்க. அவளால நிக்க முடியாது, இது நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயமும் இல்ல.